யோவானின் முதலாம் நிருபம்: பாவத்தை அளக்கும் அன்பு

யோவானின் முதலாம் நிருபம் புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள சிறிய நூல். கத்தோலிக்கர் இதைத் திருமுகம் என்பர். ஐந்து அதிகாரங்கள், 105 வசனங்கள். ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். நிருபம் என்று பெயர் பெற்றிருந்தாலும் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்ற குறிப்பு எதுவும் இதில் இல்லை. வாழ்த்தோடு தொடங்குவதும் இல்லை, விடைபெற்று முடிவதும் இல்லை. நடையும் சொல்லாட்சியும் யோவான் சுவிசேஷத்தை ஒத்திருப்பதால், செபதேயுவின் மகனான அப்போஸ்தலன் யோவானே இதை எபேசு நகரில் எழுதினார் என்பது பழைய மரபு. அவர் வழிவந்த சபையில் ஒருவர் எழுதியிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எழுதத் தூண்டியது ஒரு பிளவு. சபையில் இருந்தவர்களில் சிலர் பிரிந்து போய்விட்டார்கள் என்று இரண்டாம் அதிகாரம் வருத்தத்தோடு சொல்கிறது. இயேசு உண்மையான உடலோடு வந்தார் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. தங்களிடம் பாவமில்லை என்றும் சொல்லிக்கொண்டதாகத் தெரிகிறது. ‘அந்திக்கிறிஸ்து’ என்ற பெயர் விவிலியத்தில் யோவானின் முதலிரண்டு நிருபங்களில் மட்டுமே வருகிறது. பிற்காலம் அந்தப் பெயரைச் சுற்றிப் பெரிய கற்பனைகளை எழுப்பியது. இந்த ஆசிரியரோ பிரிந்துபோன போதகர்களையே அப்படி அழைத்தார். உடல் முக்கியமில்லை என்று நினைப்பவனுக்கு எதிரில் நிற்பவனின் பசியும் முக்கியமில்லாமல் போகும். நிருபத்தின் கோபம் முழுவதும் அங்கேதான் குவிகிறது.

பாவத்தைப் பற்றிய போதனை முதல் அதிகாரத்திலேயே தொடங்குகிறது. பாவமில்லை என்று சொல்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். அறிக்கையிடுபவனுக்கு மன்னிப்பு உண்டு. பாவம் செய்யாதிருக்கவே இதை எழுதுவதாகவும், செய்துவிட்டால் பிதாவிடம் பரிந்து பேச இயேசு இருக்கிறார் என்றும் ஆசிரியர் தொடர்கிறார். இதுவரை சிக்கலில்லை. மூன்றாம் அதிகாரத்துக்கு வந்ததும், கடவுளிடமிருந்து பிறந்தவன் பாவம் செய்வதில்லை, அவனால் செய்யவும் முடியாது என்கிறார். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவையா என்ற திகைப்பு எழுவது இயல்பே.

இந்த முரண்பாட்டோடு பல நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் மல்லுக்கு நின்றிருக்கின்றனர். மூன்றாம் அதிகாரத்தின் கிரேக்க வினைகள் தொடர்ந்து செய்வதைக் குறிப்பதால், பாவத்தையே வழக்கமாகக் கொண்டு வாழ்வதைத்தான் ஆசிரியர் மறுக்கிறார் என்பது ஒரு விளக்கம். கடவுளின் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்ற முழுமையின் வடிவத்தை முன்வைக்கிறார் என்பது மற்றொன்று. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த வசனத்தை அப்படியே ஏற்றார். தெரிந்த ஒரு கட்டளையை மனமறிந்து மீறுவதே சரியான பொருளில் பாவம் என்று வரையறுத்து, அந்த நிலையிலிருந்து மனிதன் இம்மையிலேயே விடுபடலாம் என்று போதித்தார். 1766இல் கிறிஸ்தவப் பூரணத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், பூரணம் என்பது அன்பால் நிறைந்திருப்பதே என்று விளக்குகிறது.

வெஸ்லியின் முடிவை ஏற்காதவர்களும் அவர் கண்ட தொடர்பை மறுக்க முடியாது. பாவத்தைப் பற்றிய கண்டிப்பான பேச்சு முடிந்த அதே வசனத்தொடரில் சகோதர அன்பு வந்துவிடுகிறது. சகோதரனை நேசிக்காதவன் கடவுளிடமிருந்து வந்தவனல்ல என்று ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே கட்டுகிறார். அடுத்து வருவது காயீனின் கதை. பழைய ஏற்பாட்டிலிருந்து இந்நிருபம் பெயர் சொல்லி எடுக்கும் ஒரே மனிதன் தம்பியைக் கொன்றவன். வெறுப்பவனும் கொலைகாரனே என்கிறது நிருபம். ஒழுங்கு மீறல்களின் பட்டியல் எதையும் அது தரவில்லை. பாவம் என்னவென்று காட்ட அது எடுத்துக்கொண்டது அன்பு அற்றுப்போன உறவைத்தான்.

அன்பையும் அது உணர்ச்சியாக விட்டுவைக்கவில்லை. உலகப் பொருள் கையில் இருக்க, குறைவுபடும் சகோதரனைக் கண்டும் மனதை அடைத்துக்கொள்பவனிடம் கடவுளின் அன்பு எப்படி நிலைக்கும் என்று கேட்கிறது. கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்ற புகழ்பெற்ற போதனை நான்காம் அதிகாரத்தில் இருமுறை வருகிறது. அதைத் தனியே எடுத்துச் சுவரில் எழுதுவோர் பலர். அதற்குச் சற்றுப் பின்னால் வரும் கடினமான சோதனையையும் சேர்த்தே படிக்கவேண்டும். கண்ணால் கண்ட சகோதரனை நேசிக்காமல் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்பவன் பொய்யன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நிருபம் பேசும் அன்பு பெரும்பாலும் சபைக்குள் உள்ள சகோதரருக்கானது. பகைவரை நேசிக்கும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது இங்கே நேரடியாகக் கேட்பதில்லை. பிரிந்துபோனவர்கள் மேல் ஆசிரியர் காட்டும் கடுமையும் குறைவல்ல. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன், 407ஆம் ஆண்டை ஒட்டிய ஈஸ்டர் வாரத்தில் தொடங்கி இந்நிருபத்தைப் பற்றிப் பத்துப் பிரசங்கங்கள் செய்தபோது இந்த இடத்தைத் தொட்டார். தொனாதிஸ்துகள் என்ற குழுவினர் பிரிந்துபோனதால் அவருடைய சபையும் இரண்டுபட்டிருந்தது. பகைவனை நேசிப்பவன், அவன் சகோதரனாக வேண்டும் என்ற விருப்பத்தோடே நேசிக்கிறான் என்று விளக்கி, நிருபத்தின் வட்டத்தை அவர் விரித்தார்.

ஐந்தாம் அதிகாரத்தில் பாவம் மீண்டும் வருகிறது, இம்முறை மரணத்துக்கு ஏதுவானது, ஏதுவல்லாதது என்ற பிரிவோடு. எது மரணத்துக்கு ஏதுவானது என்று ஆசிரியர் விளக்கவில்லை. கொலை, சிலைவழிபாடு, விபசாரம் ஆகியவற்றை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்த வகையில் வைத்தார். சாவான பாவம், அற்பப் பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை வகுத்ததற்கும் இவ்வசனம் ஓர் ஆதாரம். நேசத்தை மறுத்துப் பிரிந்துபோனதையே ஆசிரியர் மனதில் வைத்திருந்தார் என்பது நிருபம் முழுவதோடும் பொருந்துகிற விளக்கம். விவாதத்தில் பலர் தாண்டிப் போவது அவ்வசனத்தின் முதல் பாதியை: சகோதரன் ஒருவன் மரணத்துக்கு ஏதுவல்லாத பாவம் செய்வதைக் காண்பவன் அவனுக்காக மன்றாடவேண்டும், அதனால் அவன் உயிர் பெறுவான்.