ஒல்லிப் பையனும் மூன்று ரோடும்: 'பராசக்தி' பின்கதைகள்

சினிமாக் கிசுகிசு எழுத உளுந்தூர்பேட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ரோடு இருக்கிறது! வடக்கே போனால் விழுப்புரம், சென்னை. தெற்கே போனால் திருச்சி. மேற்கே திரும்பினால் கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம். கோயில், கோர்ட்டு, சர்க்கார் என்று எல்லா அதிகாரத்தையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட 'பராசக்தி' என்ற படத்தின் ஆட்கள் ஒவ்வொருவராக எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். வசனகர்த்தா கருணாநிதி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் பேனா பிடித்தவர். கதாநாயகன் சிவாஜி கணேசன் விழுப்புரத்தில் பிறந்து திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர். ஸ்டூடியோ முதலாளி காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இடம் பெயர்ந்தவர். மேப்பை விரித்துக் கோடு போட்டால் எல்லாக் கோடும் நம் ஊரைச் சுற்றித்தான் ஓடுகிறது!

இன்னொரு சங்கதி. இன்றைக்கு உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 வரை விழுப்புரம் மாவட்டம். படம் வந்த 1952இல் விழுப்புரமும் உளுந்தூரும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. அந்தக் கணக்கில் சிவாஜி கணேசன் நம் ஜில்லாப் பிள்ளை. உரிமை கொண்டாடாமல் விடுவோமா?

சரி, திரைக்குப் பின்னால் போவோம். உள்ளே நடந்த கூத்து, திரையில் நடந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இரண்டு நாடகம், ஒரே சாயல்

1950 வாக்கில் தமிழ் மேடையில் இரண்டு நாடகங்கள் சக்கைப்போடு போட்டன. ஒன்று 'என் தங்கை'. இன்னொன்று பாவலர் பாலசுந்தரம் எழுதிய 'பராசக்தி'. இரண்டுமே அண்ணன் தங்கை கதை, இரண்டுமே பெண்களைக் கைக்குட்டையோடு உட்கார வைத்த கதை. 'என் தங்கை' மேடையில் அண்ணனாக நடித்து அழ வைத்தவர் கணேசன் என்ற ஒல்லிப் பையன்.

இங்கேதான் முதல் திருப்பம். 'பராசக்தி' நாடகத்தின் உரிமையை வாங்கினார் வேலூர்க்காரரான நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார். கூட்டுக்கு ஏவி.எம். ஸ்டூடியோ முதலாளி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 'என் தங்கை'யும் தனியே படமானது. அதே 1952இல் வெளிவந்த அந்தப் படத்தில் அண்ணனாக நடித்தது யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்! கணேசன் மேடையில் கட்டிய வேஷம் எம்.ஜி.ஆருக்குப் போக, வேறொருவர் நாடகம் கணேசனைத் தூக்கி விட்டது. பின்னால் தமிழ்நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்ட இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் பிள்ளையார் சுழி இந்த இடத்தில் விழுந்தது என்று நான் சொன்னால் அடிக்க வராதீர்கள்.

'இந்தப் பையனா ஹீரோ?'

பெருமாள் முதலியார் கணேசனைக் கண்டுபிடித்தது ஒரு பெண் வேஷத்தில். வேலூரில் சக்தி நாடக சபா நாடகத்தில் நூர்ஜஹானாக நின்ற பையனைப் பார்த்து, இவன்தான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். அந்தப் பையனுக்குப் பெரியார் 'சிவாஜி' என்று பட்டம் சூட்டி ஏற்கெனவே சில வருஷம் ஆகியிருந்தது. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக முழங்கியதற்குக் கிடைத்த பரிசு அது.

ஆனால் மெய்யப்பச் செட்டியார் கண்ணுக்குப் பட்டதெல்லாம் எலும்புதான். கன்னத்தில் சதை இல்லை, தோளில் அகலம் இல்லை. அவருக்குக் கே.ஆர். ராமசாமி வேண்டும். அன்றைக்கு ராமசாமி என்றால் சும்மாவா? பாடுவார், நடிப்பார், 'வேலைக்காரி'யால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். கையில் ராமசாமி மாதிரி ஆள் இருக்கும்போது, மாசம் 250 ரூபாய் சம்பளத்துக்கு வந்த நாடகப் பையனை வைத்து எதற்குப் பணத்தைப் பணயம் வைப்பது? வியாபாரியாக அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பெருமாள் முதலியார் அசையவில்லை. ஸ்டூடியோ செட்டியாருடையது, சொல்லும் செட்டியாருடையது என்று எல்லாரும் தலையாட்டும் இடத்தில் ஒருவர் 'மாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டார். என்னைக் கேட்டால், 'பராசக்தி'யின் முதல் கலகம் கருணாநிதியின் பேனாவில் தொடங்கவில்லை. இந்த வேலூர் மனிதரின் பிடிவாதத்தில் தொடங்கியது.

பையனுக்கு நல்ல சாப்பாடு போட்டுத் தேற்றினார்கள் என்றும், உடம்பு தேறிய பிறகு முன்பு எடுத்ததில் சிலவற்றைத் திரும்ப எடுத்தார்கள் என்றும் ஏவி.எம். வட்டாரத்தில் கதை உண்டு. படம் முடிய இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. கேமரா முன்னால் சிவாஜி பேசிய முதல் வசனம் ஒரே ஒரு சொல்: "சக்சஸ்!" அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு நடந்ததை நினைத்தால், யாரோ வேண்டுமென்றே எழுதி வைத்ததுபோல இருக்கிறது. வேண்டாம் என்று முதலில் முகம் சுளித்த அதே ஏவி.எம். ஸ்டூடியோவில், அவர் முதன்முதல் நின்ற இடத்தில் இன்று நினைவுச்சின்னம் நிற்கிறது!

பெருமாள் முதலியாருக்கு என்ன கிடைத்தது? வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வேலூருக்குப் புதுத் துணியோடு சிவாஜி வீட்டுச் சீர் போய்ச் சேரும். நன்றி மறந்தவர்கள் பட்டியல் நீளமான சினிமா உலகத்தில் இது தனி ரகம்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர்க்கதை ஒன்று உண்டு. மனநல மருத்துவமனை நிர்வாகத்தை எதிர்த்து ஒரு நோயாளி கொடி பிடிக்கும் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' (1975) படம். கதை உரிமையை வாங்கி 1963இல் மேடையில் நாயகனாக நடித்தவர் கிர்க் டக்ளஸ். படமாக்க வருஷக்கணக்கில் அலைந்தும் நடக்கவில்லை. கடைசியில் மகன் மைக்கேல் டக்ளஸ் தயாரிப்பில் இறங்கியபோது, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று வேஷம் ஜாக் நிக்கல்சனுக்குப் போனது. படம் ஆஸ்கரில் ஐந்து பெரிய விருதும் அள்ளியது. அங்கே பெற்ற அப்பாவையே மாற்றினார்கள். இங்கே முன்பின் உறவில்லாத பையனுக்காக ஒருவர் முதலாளியிடம் மல்லுக்கு நின்றார். எது பெரிய கதை? நீங்களே சொல்லுங்கள்.

பாட்டெழுதிய பூசாரி, பஞ்சாபி ஆன பஞ்சு

இப்போது சின்னச் சின்ன ரகசியங்கள். டைட்டில் கார்டில் எடிட்டர் 'பஞ்சாபி' என்று வருமே, யாரோ வடக்கத்திக்காரர் என்று நினைத்தீர்களா? இரட்டை இயக்குநர் கிருஷ்ணன் பஞ்சுவில் பஞ்சுவேதான் அது! டைரக்ஷன் ஒரு பெயரில், கத்தரிக்கோல் இன்னொரு பெயரில்.

நாயகனின் விதவைத் தங்கை கல்யாணியைக் கோயிலுக்குள்ளேயே சூறையாடப் பார்க்கும் பூசாரியைத் தியேட்டரே மண் வாரித் தூற்றியது. அந்த வேஷம் கட்டிய கே.பி. காமாட்சி யார்? படத்தின் பாடலாசிரியர்களில் ஒருவர். பேனாவால் பாட்டுக் கொடுத்துவிட்டு, மேக்கப் போட்டு வந்து வசவும் வாங்கிக்கொண்டார். சிவாஜிக்குப் பின்னணி பாடியவர் சிதம்பரம் சி.எஸ். ஜெயராமன். அவர் கருணாநிதிக்கு மைத்துனர், முதல் மனைவி பத்மாவதியின் அண்ணன். மச்சான் எழுத, மச்சான் பாட, குடும்பமே படத்துக்குள்! பாரதியார், பாரதிதாசன் பாடல்களும் இருந்தன. இசை ஆர். சுதர்சனம்.

பட்டணத்துக்கு வந்து ஏமாந்து நிற்கும் நாயகன் குணசேகரன் கடற்கரையில் அலைகிறானே, அந்த மெரினாவுக்காக ஸ்டூடியோவிலேயே செட் போட்டார்கள். சென்னையிலேயே இருந்துகொண்டு சென்னைக் கடற்கரையைத் தளத்துக்குள் கட்டினார்கள் என்றால் பாருங்கள்!

கூண்டுக்குள் ஒரு சிங்கம்

எல்லாரும் காத்திருக்கும் கோர்ட் சீனுக்கு வருகிறேன். ரங்கூனில் மூன்று அண்ணன்கள், மதுரையில் ஒரு தங்கை. உலகப் போர் குடும்பத்தைச் சிதறடிக்கிறது. இட்லி விற்றுப் பிழைக்கப் பார்த்த தங்கை, பசிக்கும் மானத்துக்கும் நடுவில் சிக்கிக் குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுக் கூண்டில் நிற்கிறாள். பூசாரியைத் தாக்கிய கடைசி அண்ணன் குணசேகரனும் கூண்டில். நீதிபதி ஆசனத்தில் யார்? மூத்த அண்ணன் சந்திரசேகரன்!

குற்றவாளி பேசத் தொடங்குகிறான். குற்றம் எங்கே பிறந்தது என்று ஒவ்வொரு படியாக ஏறிப்போய், கடைசியில் நீதிமன்றத்தையும் சமூகத்தையும் சேர்த்துக் கூண்டில் நிறுத்துகிறான். எழுதியவருக்குப் படம் வந்தபோது 28 வயசு. பேசியவருக்கு 24. இருபதுகளில் இருந்த இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை இது!

அந்தக் காலத்தில் தளத்திலேயே நடிகர் பேசப் பேச ஒலிப்பதிவு. பின்னால் டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற கதையெல்லாம் கிடையாது. மேலே விளக்குகளின் சூடு, சத்தம் வரும் என்று காற்றாடிக்கும் தடை, பக்கம் பக்கமாக வசனம். ஒரு எழுத்து பிசகினால் ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். சிறு வயசிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அடியும் பாடமும் ஒன்றாக வாங்கி, அடுத்தவர் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்து வளர்ந்த ஒருவரால்தான் இது முடியும். மேடையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல், மைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் எங்கே அடங்க வேண்டும், எங்கே எகிற வேண்டும் என்று தானே கண்டுபிடித்துக்கொள்வதை அந்தக் காட்சியில் காதால் பின்தொடரலாம். பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சினிமா சான்ஸ் தேடி வந்தவர்கள் கம்பெனி வாசலில் பேசிக்காட்டிய வசனம் இதுதான்.

தடை வருதாம், சீக்கிரம் போ!

1952 அக்டோபர் 17, தீபாவளி. படம் வந்தது. சென்னை பாரகன் தியேட்டரில் கூட்டம். மதுரையில் புத்தம் புதுசாகக் கட்டிய தங்கம் தியேட்டருக்கு இதுதான் முதல் படம். கொழும்பிலும் மாதக்கணக்கில் ஓடியது.

கோட்டையில் ராஜாஜி முதலமைச்சர். கருணாநிதி இருந்த தி.மு.க.வுக்கு அப்போது மூன்று வயசு. படத்துக்குத் தடை போட வேண்டும் என்று குரல் கிளம்பியது, சர்க்கார் மட்டத்திலும் பேச்சு நடந்தது. விளைவு? தடை வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று இன்னும் பெரிய கியூ! ஓசி விளம்பரம் என்றால் இதுதான். படத்தைப் 'பரப்பிரம்மம்' என்று ஒரு பத்திரிகை கிண்டல் செய்ததும், கருணாநிதி கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. அதே பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிவிட்டார். வம்புக்கு வந்தவர்கள் கையிலிருந்த தலைப்பையே பிடுங்கிக்கொண்ட சாமர்த்தியம்!

நம் பக்கத்துக்கு எப்படி வந்தது?

பெரிய ஊர்களில் ஓடிக் களைத்த பிறகுதான் பெட்டி கிராமத்துப் பக்கம் திரும்பும். டூரிங் டாக்கீஸ் கொட்டகை, மணல் தரை, ஒரே புரொஜெக்டர், ரீலுக்கு ஒரு இடைவேளை. பார்க்காதவர்களுக்கும் படம் காதில் விழுந்தது. கல்யாண வீட்டில் புளியமரத்து உச்சியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் வசன ரெக்கார்டு முழங்கும். சந்தையில் பாட்டுப் புத்தகமும் வசனப் புத்தகமும் விற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கோர்ட் சீன் புதுசா என்ன? உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் அவருடைய கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நின்று, 'நீ எனக்கு அடிமை' என்கிறார். மாப்பிள்ளை அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார்! வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்ட, சபையார் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்து உள்ள இன்னொரு ஓலையைக் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கையெழுத்து நிபுணர் சாட்சியம் வரைக்கும் இருக்கிறது, இதைவிடக் கோர்ட் டிராமா உண்டா? அங்கே பிரதிவாதி தோற்றார். எதிர்க்கட்சிக்காரர் சிவபெருமான் என்று தெரிந்ததும், அவரை ஏசிய சொல்லையே முதல் பாட்டின் முதல் சொல்லாக்கிப் பாடினார்.

'பராசக்தி' கூண்டில் நின்றவனோ தோற்க வரவில்லை, பாடவும் வரவில்லை. இரண்டு வழக்கையும் ஒரே மூச்சில் ரசிக்க முடிகிற மண் இது. பகலில் திருநாவலூரில் அர்ச்சனை, ராத்திரி கொட்டகையில் குணசேகரனுக்கு விசில். யாருக்கும் இதில் முரண் தெரியவில்லை. அதிகாரத்தில் இருப்பவனைக் கேள்வி கேட்கலாம், சாமியாகவே இருந்தாலும் ஓலையைக் காட்டு என்று கேட்கலாம் என்பது இங்கே பழைய பழக்கம்.

கடைசியாக ஒரு டிப்ஸ். அடுத்த முறை கோர்ட் சீன் ஓடும்போது எல்லாரும் சிவாஜியைப் பார்ப்பார்கள், நீங்கள் மட்டும் நீதிபதியைப் பாருங்கள். எஸ்.வி. சஹஸ்ரநாமம், அவரும் நாடக மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர். எதிரே புதுப் பையன் வெளுத்து வாங்கும்போது, குறுக்கே விழுந்து ஒரு அங்குலம்கூடத் திருடாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெருமாள் முதலியார் அந்தப் பையனுக்காகச் சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்தார். சஹஸ்ரநாமம் சத்தமே போடாமல் அந்த இடத்தை விட்டுக் கொடுத்தார். கைதட்டலில் கொஞ்சத்தை அந்தப் பக்கமும் அனுப்பி வையுங்கள்!