துளையுளியின் முனை

மரம் கடைவோர் ஒருவரிடம் உளியை எந்தச் சரிவில் தீட்ட வேண்டும் என்று கேட்டால், 'எந்த மரம்?' என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கான வெப்பாலை மரத்துக்கு ஏற்ற முனை கருங்காலிக்கு ஏற்காது. கல்லைத் துளைப்போருக்கும் இதே கேள்வி உண்டு. ஆனால் அங்கே முனை பிழைபட்டால் கெடுவது வேலை மட்டுமன்று. வேலை செய்பவரின் மூச்சும் கெடுகிறது. இதைக் கோலார் தங்கவயலைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சென்று உழைத்த இடம் அது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குக் கால்வைத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கியிருந்தது. அங்கே பொன், வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் நரம்புகளில் கலந்து கிடந்தது. எஃகுக்குச் சளைக்காத கல் அது. அதை வெடிவைத்துப் பெயர்க்க வேண்டுமானால், மருந்து இடுவதற்கு முதலில் துளை வேண்டும்.

துளையுளி கல்லைக் குடைவதில்லை, குத்துகிறது. ஒவ்வோர் அடிக்கும் முனை கல்லில் ஒரு கோடாகப் பதிகிறது. உடனே உளி சற்றுத் திரும்புகிறது. அடுத்த அடி வேறொரு கோட்டில் விழுகிறது. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட கல் சில்லாகத் தெறிக்கிறது. கையால் சம்மட்டி கொண்டு அடித்த நாளிலும், காற்றழுத்த இயந்திரம் வந்த பின்னும் இந்த முறை மாறவில்லை.

வெறும் எஃகு உளியே இருந்த காலத்தில், வெங்கச்சங்கல்லில் சில அடி துளைப்பதற்குள் முனை மழுங்கிவிடும். முனையின் அகலமும் தேயும். ஆகவே துளை உள்ளே போகப் போகக் குறுகும். அதே அகலமுள்ள வேறோர் உளியை அதில் நுழைத்தால் சிக்கிக்கொள்ளும். எனவே முதலில் குட்டையாய் அகன்ற உளி, அடுத்து நீண்டு சற்றே ஒடுங்கிய உளி என ஒரு வரிசையாகவே உளிகள் தேவைப்பட்டன. மழுங்கியவை உலைக்களத்திற்குத் திரும்பும். அங்கே கொல்லர் காய்ச்சி அடித்து முனை எடுத்துத் தோய்ச்சல் போடுவார். நீரில் தோய்த்த முனையை வெளியே எடுத்ததும், உள்ளிருக்கும் சூட்டால் அதன்மேல் வைக்கோல் நிறம் ஓடும். பிறகு அது நீலமாகும். எந்த நிறத்தில் மறுபடி தோய்ப்பது என்பதே கொல்லரின் கைவரிசை. முந்தினால் முனை நொறுங்கும், பிந்தினால் வளையும். சுரங்கத்தின் வரலாற்றை எழுதினோர் இவர்களுக்கு உரிய இடம் தரவில்லை என்பது நம் கருத்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், டங்ஸ்டன் கார்பைடு பதித்த முனைகள் உலகெங்கும் சுரங்கங்களில் பரவின. அவை எளிதில் தேய்வதில்லை. தேய்ந்தால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். உளிவாய் போன்ற முனைக்கு வழக்கமான கோணம் 110 பாகை. மரத்தச்சர் இதைக் கண்டால் சிரிப்பார். அவர் கண்ணுக்கு இது கூரே அன்று. ஆயினும் இதைவிடக் கூராக்கினால் கார்பைடு பெயர்ந்துவிடும். கார்பைடு கடினமானது, அதனாலேயே நொறுங்கும் இயல்பும் உடையது. தீட்டும்போது ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துச் சூடேற்றிப் பின் நீரில் முக்கினால் விரிசல் விடும். நீர் இடைவிடாமல் வழிய வேண்டும். இல்லையேல் நீரே படாமல் மெல்லத் தீட்ட வேண்டும். இருபக்கச் சரிவும் ஒத்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

முனை தேயத் தேயக் கோடு பட்டையாகிறது. அந்தப் பட்டை மிக அகலமாவதற்குள் தீட்டிவிட வேண்டும் என்பது பொதுவிதி. பட்டையான முனை கல்லைச் சில்லாகப் பெயர்ப்பதில்லை, இடித்து மாவாக்குகிறது. அந்த மாவில்தான் ஆபத்து. ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த சிலிக்காத் துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்கிறது. அங்கே தழும்பை உண்டாக்குகிறது. தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. காசநோயும் அதில் எளிதில் பற்றும். இந்நோய்க்கு ஈடு வழங்குவதற்கென மைசூர் சமஸ்தானம் 1940-இல் சிலிக்கோசிஸ் விதிகளை வகுத்தது. அதையடுத்த ஆண்டுகளில் தங்கவயலில் 7,653 தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோயின் அறிகுறி இருந்தது. எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மழுங்கிய முனை மட்டும் காரணம் என்று நாம் சொல்லவில்லை. வெடிப்புகையும், பாறையை அள்ளுவதும் கொட்டுவதும் தூசி எழுப்புபவையே. உளியின் நடுவே துளையிட்டு நீர் பாய்ச்சும் முறை தூசியைப் பெரிதும் அடக்கியது. உலர்ந்த துளைப்பைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் நீர் எல்லாத் துகளையும் பிடிப்பதில்லை. ஆகவே தூசி பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது முனையின் வேலையாகிறது.

இன்றும் நம்மவர் பலர் வெளிமாநிலங்களில் கருங்கல் குவாரிகளிலும் குகைவழி வேலைகளிலும் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்து நிற்கின்றனர். கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு. முனையைச் சோதிக்கக் கருவி இல்லாதபோது, துளையிலிருந்து நீரோடு வரும் கழிவை விரலிடையே தேய்த்துப் பார்க்கலாம். மணல்போல் நறநறத்தால் முனை வெட்டுகிறது. சேறுபோல் வழுக்கினால் இயந்திரத்தை நிறுத்தி, உளியைச் சாணைக்கு அனுப்ப வேண்டும்.