கல் முழுதும் நீங்குமா?

சிறுநீரகத்திற் கல் இருப்பதாக அறிந்து சத்திரசிகிச்சைக்கு உடன்படும் நோயாளி வைத்தியரிடம் முதலிற் கேட்பது ஒன்றே: "ஐயா, கல் முழுதும் போய்விடுமா?" கேள்வி எளிது, விடை எளிதன்று. நெடுங்காலமாக இதற்கு விடையளித்தது வைத்தியரின் அநுபவமே. இன்று அவ்வநுபவத்துக்குத் துணையாகக் கணக்கும் வந்திருக்கிறது.

பெரிய கற்களை அகற்றுவதற்கு முற்காலத்தில் விலாப்புறத்தை நீளக் கீறிச் சிறுநீரகத்தைத் திறப்பதே வழக்கமாயிருந்தது. 1976ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு வைத்தியர்களான பேர்ன்ஸ்றோம், யோகான்சன் ஆகிய இருவர், முதுகிலே சிறு துளையிட்டு அதன் வழியாகக் கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கற்களுக்கு இன்று பெரும்பாலும் கைக்கொள்ளப்படுவது இம்முறையே.

துளை சிறிது, ஆதலால் காயமும் சிறிது. ஆனால், வைத்தியர் பார்ப்பதும் கல்லைப் பற்றுவதும் அத்துளையின் வழியாகவே. சிறுநீரகத்தின் நடுவிலே புனல் போன்ற ஓர் அறையும், அதனோடு தொடர்புற்ற கிண்ணங்கள் போன்ற பல சிற்றறைகளும் உள. நடு அறையிலே தனித்துக் கிடக்கும் கல்லை எட்டுதல் எளிது. கிண்ணந்தோறும் கிளைவிட்டு மான்கொம்பு போல வளர்ந்த கல்லாயின், வளைவுக்கு அப்பாலுள்ள துண்டு கருவிக்கு எட்டாது நின்றுவிடக்கூடும். ஆகவே, கல்லின் பருமனை மட்டும் கொண்டு முடிவை முன்னறிதல் இயலாது. அது குடியிருக்கும் இடத்தையும் அறிதல் வேண்டும்.

இலண்டன் மாநகரின் கைஸ் வைத்தியசாலையின் பெயரால் வழங்கும் அளவீடு 2011இல் வெளியாயிற்று. அது நோயாளரை நான்கு படிகளாக வகுக்கிறது. இயல்பான அமைப்புடைய சிறுநீரகத்தின் நடு அறையிலோ கீழ்க் கிண்ணத்திலோ ஒரே கல் இருப்பின் அது முதலாம் படி. முழு மான்கொம்புக் கல் நான்காம் படி. 100 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்தபோது, முதலாம் படியில் நூற்றுக்கு 81 வெற்றியளித்தன. நான்காம் படியில் நூற்றுக்கு 29 மட்டுமே. 2013இல் வெளியான மற்றோர் அளவீடு, சி.ரி. படத்திலிருந்து ஐந்து செய்திகளை எடுத்துக் கூட்டுகிறது: கல்லின் பருமன், தோலிலிருந்து கல்வரையுள்ள தூரம், சிறுநீர் தேங்கிய அளவு, கல் பரவிய கிண்ணங்களின் தொகை, கல்லின் அடர்த்தி. கூட்டுத்தொகை 5 முதல் 13 வரை அமையும். அது கூடுந்தோறும் கல் முற்றாக நீங்கும் வாய்ப்புக் குறையும்.

இத்தகைய எண்கள் சோதிடமல்ல. பலருடைய அநுபவத்தைத் திரட்டிக் கூறுவனவே அன்றி, ஒருவருடைய முடிவை அறுதியிட்டுரைப்பன அல்ல. சத்திரசிகிச்சை நிபுணரின் கைத்திறன் இக்கூட்டலிற் சேர்வதில்லை. "வெற்றி" என்னும் சொல்லும் எங்கும் ஒரே பொருளுடையதன்று. நான்கு மில்லிமீற்றர் வரையுள்ள துண்டு எஞ்சினாலும் வெற்றியென்று கொள்வாருளர். சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்திற் புலனாகாத துண்டு சி.ரி. படத்திற் புலனாதலும் உண்டு. எஞ்சிய துண்டோ மீண்டும் வளரலாம். நோவும் கிருமித்தொற்றும் தரலாம்.

ஆயினும், இக்கணக்கினால் விளையும் பயன் பெரிது. இரண்டாந் துளையோ இரண்டாம் முறைச் சிகிச்சையோ வேண்டியிருக்கும் என்பதை முன்னரே அறிந்த குடும்பம், விடுமுறைக்கும் செலவுக்கும் ஆயத்தமாகும். துண்டு எஞ்சியபோது வைத்தியர் ஏமாற்றினார் என்று மனங்கசக்க மாட்டாது. ஆகையால் நோயாளி மேலும் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நன்று: வெற்றி என்று எதனைக் கொள்கிறீர்கள்? அதனை எந்தப் படத்தினாற் சோதிப்பீர்கள்? துண்டு எஞ்சினால் அடுத்து யாது செய்வீர்கள்?