விசில் ஊதவும் காசு கட்டணுமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து நடுவர்களின் கணக்கு

மார்ச் மாதம் வந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக் காணொளிகள் உங்கள் கைத்தொலைபேசியை நிறைத்துவிடும். அடுத்த முறை பந்தைக் கொஞ்சம் விட்டுட்டு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் ஓடும் அந்த மூன்று பேரைக் கவனிங்க.

அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒப்பந்ததாரர்கள். கால் சுளுக்கினால் சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. செலவு போக மிஞ்சுவதில் 15.3 விழுக்காடு சுயதொழில் வரி வேறு.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆட்டத்துக்குச் சில ஆயிரம் டாலர் கிடைக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் போவது எப்படி?

முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கின்றன. அவை குழுமங்களாகச் சேர்ந்து விளையாடும். ஒவ்வொரு குழுமத்துக்கும் நடுவர்களை நியமிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். ஒரே ஆள் பல குழுமங்களைக் கவனிப்பதும் உண்டு. அவர் கண்ணில் நீங்கள் படணும்.

படுவதற்கான இடம்தான் கோடைக்கால முகாம்.

இரண்டு மூன்று நாள். ஒரே மண்டபத்தில் காலையிலிருந்து இரவு வரை ஆட்டங்கள். நீங்கள் ஓடி ஓடி விசில் ஊத, ஓரத்தில் அனுபவசாலிகள் குறிப்பெடுப்பார்கள். பிறகு காணொளியைப் போட்டு, "இங்க ஏன் நின்னீங்க? அந்தத் தவறு கண்ணுல படலையா?" என்று கேட்பார்கள். உண்மையிலேயே கற்றுக்கொள்ளலாம், அதை மறுக்க முடியாது.

ஆனால் இதற்கான கட்டணம் பெரும்பாலும் 300 முதல் 500 டாலர் வரை. விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் உங்கள் கையிலிருந்து. பல முகாம்களை நடத்துபவரும் வேலை கொடுப்பவரும் ஒரே ஆள்! நேர்முகத் தேர்வுக்கு நாமே காசு கட்டிப் போவது மாதிரிதான். வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உதாரணம் மட்டுமே. முகாம் ஒன்றுக்கு 400 டாலர் என்றால் இரண்டு முகாமுக்கு 800. பயணம், தங்குமிடம் தலா 600, ஆக 1,200. சட்டை, காற்சட்டை, காலணி 300. மொத்தம் 2,300 டாலர்.

கீழ்நிலைக் கல்லூரி ஆட்டம் ஒன்றுக்கு 150 டாலர் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 15 ஆட்டம் ஊதினாலும் இன்னும் 50 டாலர் கடன். பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை.

(விசில் மட்டும் மலிவு. உள்ளே பந்து இல்லாத 'ஃபாக்ஸ் 40' விசிலை 1987-இல் சந்தைக்குக் கொண்டு வந்தவர் கனடா நாட்டு நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட். முக்கியமான நேரத்தில் பழைய விசில் சத்தமே போடாமல் அவரைக் கைவிட்டதுதான் காரணம்.)

ஆகவே பலருக்கும் இன்னொரு தொழில் தேவை. அதுவும் வார நாள் மதியம் மூன்று மணிக்குக் கிளம்ப விடும் தொழிலாக இருக்கணும். திறமை இருந்தும் பலர் நிற்பது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அந்தத் தொழிலுக்கே ஆபத்து வரலாம். 2017 மார்ச்சில் கென்டக்கி அணி, நார்த் கரோலைனாவிடம் 2 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நடுவர்களில் ஒருவரான ஜான் ஹிக்கின்ஸுக்கு ஓமஹாவில் கூரை போடும் நிறுவனம் இருந்தது. கோபக்கார ரசிகர்கள் அந்த நிறுவனத்துக்கே ஃபோன் போட்டு மிரட்டினார்கள், இணையத்தில் பொய் விமர்சனங்களைக் குவித்தார்கள்.

இன்னொரு விஷயம். ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. பெண்கள் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதி. விதிகளும் வேறு, முகாம்களும் வேறு. இரண்டுக்கும் முயன்றால் செலவும் இரட்டிப்பு.

அப்போ, சிக்கனமான வழி? பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் தொடங்கி, காரிலேயே போய்வரக்கூடிய சிறிய கல்லூரிகளுக்கு ஆள் எடுப்பவரின் முகாம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது. கட்டணம் கட்டுவதற்கு முன்னாடியே அவரிடம் ஒரு கேள்வி கேட்டுடுங்க: "போன வருஷம் வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு ஆட்டம் கொடுத்தீங்க?"