நீளமான ஆங்கில வாக்கியம்: சீன மாணவர்கள் எப்படி உடைக்கிறார்கள்?

சீனாவில் முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில், ஆங்கிலம்-1 தாளில் ஒரு கேள்வி உண்டு. சுமார் 400 சொற்கள் கொண்ட கட்டுரையில் அடிக்கோடிட்ட 5 பகுதிகளைச் சீன மொழியில் எழுத வேண்டும். மதிப்பெண் 10. ‘எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம்தான் புரியலை’ என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என்ன சிக்கல்? ‘தி புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே’ என ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு, விளக்கத்தைப் பின்னால் சேர்க்கும். சீனத்தில் விளக்கம் முதலில், பிறகு ‘தெ’ என்ற இடைச்சொல், கடைசியில்தான் பெயர். தமிழிலும் அப்படித்தானே? ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’. விளக்கமே 30 சொற்களுக்கு நீண்டால், பெயர் வருவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

வழி என்ன? முதலில் எழுவாயையும் முக்கிய வினையையும் பிடியுங்கள். ‘தட்’, ‘விச்’, ‘வென்’ வரும் இடங்களில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனி வாக்கியமாக்கி, காலம், காரணம், நிபந்தனையை முன்னால் வையுங்கள்.

1898-ல் ஹக்ஸ்லியின் நூலைச் சீனத்தில் வெளியிட்ட யென் ஃபூவும், ஆங்கில அமைப்பை அப்படியே பின்பற்றினால் புரியாது என்றே எழுதினார். சொந்த மொழியில் சொல்ல வரவில்லையா? வாக்கியம் இன்னும் பிடிபடலைன்னு அர்த்தம்.