ஒரு சொல், பல பொருள்: ஆங்கிலத்திலிருந்து இத்தாலியத்திற்கு

ஒரே சொல் பல பொருள் தருவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்பாகும். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி இத்தகைய தமிழ்ச் சொற்களுக்கென்றே அமைந்தது. இத்தாலியில் வாழும் நமக்கோ இவ்வியல்பு வைத்தியசாலையிலும் அலுவலகங்களிலும் இடர் விளைக்கின்றது. நம்மிற் பலர் தாயகத்திற் கற்ற ஆங்கிலத்தைப் பாலமாகக் கொண்டு, ஆங்கில - இத்தாலிய அகராதியில் முதலிற் காணும் சொல்லை எடுத்தாளுகின்றோம்.

'டைம்' என்னும் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். 'நேரமில்லை' என்பதற்குத் 'தெம்போ' என்ற சொல் வேண்டும். மணி கேட்பதற்கு 'ஓரா'. நாளொன்றுக்கு மூன்று தடவை மருந்து உட்கொள்க என வைத்தியர் எழுதும்போது வருவது 'வோல்த்தா'. ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதை இத்தாலியம் மூன்றாகப் பிரிக்கின்றது. நேரம், மணி, தடவை எனத் தமிழும் அவ்வாறே பிரிக்கின்றதன்றோ! 'தெம்போ' வானிலையையும் குறிக்கும். மாணவர்கள் இதற்கு வியப்பர். நாமும் 'காலநிலை' என்றுதானே கூறுகின்றோம்?

'பிளே' என்பதும் இத்தகையதே. பந்து விளையாடுதல் 'ஜொகாரே', வாத்தியம் வாசித்தல் 'சுவொனாரே', நாடகத்தில் நடித்தல் 'ரெச்சித்தாரே'.

இவற்றிற் பிழை நேரின் கேட்போர் நகைப்பர், அவ்வளவே. 'ட்றக்' என்னும் சொல் அத்தகையதன்று. ஆங்கிலத்தில் அது மருந்தையும் குறிக்கும், போதைப்பொருளையும் குறிக்கும். இத்தாலியத்தில் மருந்து 'ஃபார்மக்கோ'. 'த்ரோகா' என்றால் போதைப்பொருள். நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் ஒருவர், நாள்தோறும் 'த்ரோகா' எடுப்பதாகக் கூறினால் வைத்தியர் என்ன எண்ணுவார்? பெற்றோருக்காக அவ்விடத்தில் மொழிபெயர்த்து நிற்பவர் பலவேளைகளில் நம் பிள்ளைகளே. தந்தையார் கூறும் 'மருந்து' என்ற சொல்லைப் பிள்ளை நேரே 'ஃபார்மக்கோ' ஆக்கலாம். ஆங்கிலத்தைச் சுற்றிவர வேண்டியதில்லை. அதற்குப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும்.

எனினும் எல்லா இடத்தும் தமிழ் கைகொடுக்கும் என நாம் கூறவில்லை. 'தெரியும்' என்ற நம் சொல்லுக்கு இத்தாலியத்தில் இரண்டு வினைகள் உள. நீந்தத் தெரியும், செய்தி தெரியும் என்பவற்றுக்குச் 'சப்பேரே'; ஒருவரைத் தெரியும் என்பதற்குக் 'கொனோஷெரே'. பலெர்மோ நகரை நன்கு தெரியும் என்றாலும் 'கொனோஷெரே'யே வரும்.