உறைவதாலேயே கசியும் இரத்தம்

முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. உறையாவிட்டால் ஆபத்து என்பது தெரிந்ததே. ஆனால் தேவையில்லாத இடத்தில் அளவுக்கு மீறி உறைந்தாலும் இரத்தக்கசிவால் உயிர் போகலாம் என்றால் நம்புவீர்களா?

1957இல் நார்வே மருத்துவர் லீஃப் ஹில்லெஸ்டாட் ஒரு வகை இரத்தப் புற்றுநோயை விவரித்தார். அவர் கண்ட 3 நோயாளிகளும் கடுமையான இரத்தக்கசிவுடன் சில வாரங்களிலேயே இறந்தனர். வெள்ளை அணுக்களாக வளர வேண்டிய இளம் அணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்று பெருகும் நோய் அது.

இதற்கான விடை 'திசுக் காரணி' என்ற புரதத்தில் இருக்கிறது. சாதாரணமாக இது இரத்தக் குழாய்க்கு வெளியே இருக்கும். காயத்தில் குழாய் அறுபடும்போது இரத்தம் இதைத் தொடும். உடனே உறைதல் தொடங்கும். இந்த நோயாளிகளிலோ புற்றணுக்களே திசுக் காரணியைச் சுமந்துகொண்டு இரத்தத்தில் திரிகின்றன. குழாய்களுக்குள் எண்ணற்ற சிறு கட்டிகள் உருவாகி, ஃபைப்ரினோஜனும் தட்டணுக்களும் தீர்ந்துபோகின்றன. தீயணைப்புக் கருவியிலுள்ள நுரையை வீணாக அடித்துத் தீர்த்தபின் உண்மையில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் இது நேரலாம். கிருமி நுழையும்போது உடல் காட்டும் எதிர்வினையை அழற்சி என்கிறோம். அப்போது சில வெள்ளை அணுக்கள் திசுக் காரணியை உருவாக்குகின்றன. குழாயின் உட்சுவரில் உறைதலுக்குத் தடைபோடும் துரோம்போமோடுலின் குறைகிறது. ஓரிடத்தில் மட்டும் நடந்தால் நல்லதே. கட்டிக்குள் கிருமி சிக்கிக்கொள்ளும். உடல் முழுவதும் பரவினால்தான் விபரீதம்.

இங்குதான் வைட்டமின் ஏ வருகிறது. உடல் அதை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் அணுவின் உட்கருவுக்குள் சென்று, ஓர் ஏற்பியுடன் இணைந்து, மரபணுக்களை விளக்கின் சுவிட்சைப்போல் இயக்குகிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது திசுக் காரணியைக் குறைத்தது, துரோம்போமோடுலினைக் கூட்டியது. அழற்சியைத் தூண்டும் பொருளைச் சேர்த்தபோதும் இரத்தக் குழாய் அணுக்களில் இந்தப் பாதுகாப்பு தெரிந்தது. எனினும், கிருமித் தொற்றால் வரும் உறைவுக்கு இது இன்னும் வழக்கமான மருந்தாகவில்லை.

புற்றுநோயில் கதை வேறு. ஷாங்ஹாயின் ருய்ஜின் மருத்துவமனையில் வாங் ஜென்யி குழுவினர், புற்றணுக்களைக் கொல்வதற்குப் பதில் அவற்றை முழுமையாக வளரச் செய்ய முயன்றனர். 1988இல் வெளியான அவர்களின் அறிக்கையில் இருந்த 24 நோயாளிகளுக்கும் நோய் அடங்கியது. ஒருவருக்கு மட்டுமே கூடுதல் மருந்து தேவைப்பட்டது. காரணம் பின்னர் விளங்கியது. இந்நோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன. அதில் உடைவது ரெட்டினோயிக் அமில ஏற்பியின் மரபணுவேதான்!

அதற்காக வைட்டமின் மாத்திரைகளை அள்ளி விழுங்கக் கூடாது. மிகையான வைட்டமின் ஏ கல்லீரலில் தேங்கிக் கேடு செய்யும். பருக்களுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயினும் இதே குடும்பம்தான். கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். புற்றுநோயாளிகளுக்கும் சில வேளைகளில் இம்மருந்தாலேயே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வருவதுண்டு.

மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே, புற்றணுக்கள் மறையும் முன்பே, இரத்தக்கசிவு தணியத் தொடங்குகிறது. அதனால் இந்நோய் என்ற சந்தேகம் எழுந்தாலே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல், மருத்துவர்கள் முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள்.